ஏலக்காய் ரொட்டியும் மேப்பிள் விறகும்

ஐம்பத்து மூன்றாம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் நன்றித் திருநாளுக்கு முந்தின நாள் காலை, லெம்பி பன்னிரண்டு ரொட்டிக்கான மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளிடம் இருந்த பாத்திரம் எதுவும் அவ்வளவு மாவைக் கொள்ளவில்லை. துணி துவைக்கும் தொட்டியைச் சுடுநீர் ஊற்றிக் கழுவி, அதிலேதான் பிசைந்தாள். வெளியே முழங்கால் அளவு பனி. சுப்பீரியர் ஏரியிலிருந்து வந்த காற்று ஜன்னலை விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.

அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் ஆர்வோ, மாவுக்கட்டு போட்ட இடது காலை ஒரு பெட்டிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பலகை, கையில் சுத்தியல். ஏலக்காய் விதைகளைத் துணியில் முடிந்து இடிப்பது இன்றைக்கு அவன் வேலை.

"மெதுவா இடி ஆர்வோ. அது ஏலக்காய். பாறை இல்ல."

"பாறைய நான் இடிச்ச காலம் போச்சு. இப்ப பாறைதான் என்னை இடிக்குது," என்றான் அவன்.

செப்டம்பரில் தாமிரச் சுரங்கத்துக்குள் கல் சரிந்து அவன் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஐந்து வாரம் மருத்துவமனையில் கிடந்தான். அந்த ஐந்து வாரமும், அதற்குப் பிறகும், லெம்பியும் மகள் இர்யாவும் பட்டினி கிடக்கவில்லை. ஹெய்க்கினன் வீட்டிலிருந்து மூட்டையாக உருளைக்கிழங்கு வந்தது. பக்கத்து வீட்டு டிரெவாரோ அம்மாள், இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்துக்காரி, வெள்ளிதோறும் இறைச்சி வைத்த சூடான அடைகளைத் துணியில் பொதிந்து கொண்டுவந்து, "மீந்துபோச்சு, எடுத்துக்கோ" என்பாள். மூன்று அடையும் ஒவ்வொரு வெள்ளியும் எப்படி மீந்துபோகும் என்று லெம்பி கேட்டதில்லை. ஒருவன் பால் தந்தான். ஒருவன் மான் தொடை கொண்டுவந்து கதவில் மாட்டிவிட்டுப் போனான். மொத்தம் பதினொரு வீடு. பதினொரு வீட்டுக்கும் ஆளுக்கொரு நிசு என்று ஆர்வோதான் முடிவு செய்தான். நிசு என்றால் பாலும் முட்டையும் வெண்ணெயும் ஏலக்காயும் சேர்த்து, சடைபோலப் பின்னிச் சுடும் ரொட்டி. பின்லாந்திலிருந்து கப்பலேறி வந்த அவர்கள் சனத்துக்கு அது இல்லாமல் பண்டிகை இல்லை. பன்னிரண்டாவது அவர்கள் மேஜைக்கு.

"போதகர் வீட்டுக்குப் பெருசா ஒண்ணு போடு," என்றான் ஆர்வோ. "அவ்வளவு விறகு அனுப்பியிருக்காரு! வெட்டி, பிளந்து, அடுக்கி. எந்தப் பசங்க வெட்டினாங்கன்னு கேட்டியா நீ?"

"சர்ச் ஆளுங்கதான்," என்றாள் லெம்பி, தொட்டியிலிருந்து தலையைத் தூக்காமல்.

அது பொய். அக்டோபரில், ஆர்வோ மருத்துவமனையில் இருந்தபோது, ஒரு காலை அந்த விறகை லாரியில் கொண்டுவந்து இறக்கியவன் ஓன்னி, அவள் அக்கா சைமியின் கணவன். இரண்டு லோடு மேப்பிள் மரக்கட்டை. பகல் முழுக்கத் தனியாக நின்று பிளந்து, கொட்டகையில் கூரைவரை அடுக்கினான். காபி குடிக்கக்கூட உள்ளே வரவில்லை. போகும்போது லாரி ஜன்னல் வழியாகச் சொன்னான்: "ஆர்வோகிட்ட சொல்லாத. தெரிஞ்சா அவன் குளிர்ல விறைச்சாலும் விறைப்பான், இந்தக் கட்டைய அடுப்புல வைக்கமாட்டான்."

அந்த ஊரில் பின்லாந்துக்காரர்கள் இரண்டு கட்சி. ஒன்று சர்ச் கட்சி, மற்றது பொதுவுடைமை பேசும் சிவப்புக் கட்சி. இவர்களுக்கு ஒரு கடை, அவர்களுக்கு ஒரு கடை. கூடும் மண்டபமும் தனித்தனி. ஆர்வோ ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவன். ஓன்னி சாமியும் இல்லை பூதமும் இல்லை என்று சொல்லும் சங்கத்துக்காரன். அப்படியும் சைமியின் கல்யாணத்துக்குப் பிறகு சில வருஷம் நல்லபடியாகவே போய்வந்தார்கள். முறிந்தது லெம்பியின் அப்பா செத்தபோதுதான். அடக்க ஆராதனைக்கு ஓன்னி தேவாலயத்துக்குள் வரவில்லை; வாசலுக்கு வெளியே நின்றான். கல்லறையில் ஆர்வோ எல்லார் முன்னாலும் அவனை "நன்றி கெட்ட நாய்" என்று திட்டினான். சைமி தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஐந்து வருஷம் ஆயிற்று. இரண்டு வீட்டுக்கும் நடுவே எட்டு மைல்தான்.

மாவு பொங்கியதும் லெம்பி மூன்று மூன்று திரியாக உருட்டிப் பின்னத் தொடங்கினாள். பின்னும்போது அவளுக்கு அம்மாவின் சமையலறை ஞாபகம் வந்தது. அப்பா சுரங்கத்தில் கீழே இருப்பார். அம்மா பின்னலின் நுனியை மட்டும் கிள்ளித் தனியாகச் சுட்டு, இரண்டு பெண்களுக்கும் தருவாள். பிய்க்கிறபோது சைமிக்குத்தான் எப்போதும் பெரிய துண்டு. அம்மா திரும்பிக்கொண்டதும் சைமி சத்தமில்லாமல் அதைத் தங்கை கையில் திணித்துவிட்டு, சின்னதைப் பிடுங்கிக்கொள்வாள். பிறகு நாள் முழுக்க, "என் ரொட்டியத் தின்னவ நீ" என்று சொல்லிக் காட்டி, பாத்திரமெல்லாம் கழுவ வைப்பாள். ஏலக்காய் வாசனை எழும்பும்போதெல்லாம் லெம்பிக்கு அக்காவின் அந்த அதட்டல் காதில் கேட்கும்.

ரொட்டிகள் பொன்னிறமாக வந்தன. மேலே காபித் தண்ணீர் தடவி, சர்க்கரை தூவினாள். மத்தியானம் அவளும் இர்யாவும் பழைய ஃபோர்டு காரில் வீடுவீடாகக் கொண்டுபோனார்கள். கணவன் படுத்தபிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் அவள். பனியில் இரண்டு தரம் வழுக்கி, ஒரு வேலிக்கம்பைச் சாய்த்தாள். டிரெவாரோ அம்மாள் ரொட்டியை மோந்து பார்த்து, "இதுக்காகவாவது உன் புருஷன் இன்னொரு காலையும் உடைச்சுக்கலாம்," என்றாள்.

மறுநாள் காலை ஆராதனை. முடிந்ததும் அடித்தளத்துக் கூடத்தில் காபி. ஆர்வோ கக்கத்துக் கட்டைகளை ஊன்றி எழுந்து நின்றான். அவன் பேச்சுக்காரன் இல்லை. லெம்பி அவன் சட்டையைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள், கை எட்டவில்லை.

"நீங்க எல்லாரும் எங்களுக்குச் செஞ்சத நான் மறக்கமாட்டேன்," என்றான் ஆர்வோ. "முக்கியமா அந்த விறகு. அது இல்லாட்டி என் பொண்டாட்டி பிள்ளை குளிர்ல செத்திருக்கும். ஐயா, வெட்டின பசங்க யாருன்னு சொல்லுங்க, கையப் பிடிச்சு நன்றி சொல்லணும்."

போதகர் லாஹிகைனன் பொய் தெரியாத மனிதர். "விறகா?" என்றார். "நம்ம ஆளுங்க அனுப்பலாம்னு பேசினாங்க. வந்து பார்த்தா கொட்டகை ரொம்பிக் கிடந்துது. நீங்களே வாங்கிட்டீங்கன்னு நெனச்சோம்."

மூலையில் இருந்த கிழவர் ஒருவர் அப்பாவியாக, "அது ஓன்னி லாரில வந்த கட்டையாச்சே. நான் பார்த்தேனே," என்றார்.

ஆர்வோவின் காது இரண்டும் சிவந்தன. அப்படியே உட்கார்ந்தான். காபியைத் தொடவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் ஆர்வோ அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, விறகுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்பு தணிந்தது. இர்யா ஒரு கட்டையை எடுத்தாள்.

"வை அத," என்றான்.

"அப்பா, குளிருதுப்பா."

"வைன்னேன்."

லெம்பி இதுவரை அவனை எதிர்த்து உரக்கப் பேசியவள் இல்லை. அன்று பேசினாள். "ஏன் வைக்கணும்? நீ ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து இந்தக் கட்டைலதான் சோறு பொங்குது. இந்தக் கட்டைலதான் சனிக்கிழமை தவறாம உனக்கு சவுனா சூடாகுது. ஆவில உக்காந்து 'சொர்க்கம், சொர்க்கம்'னியே, அப்ப உன் முதுகுக்குத் தெரியலையா அது சிவப்பு விறகுன்னு?"

இர்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டையாலேயே வாயை மறைத்துக்கொண்டாள்.

"நீ என்கிட்ட பொய் சொன்ன," என்றான் ஆர்வோ.

"சொன்னேன். மறுபடியும் சொல்லுவேன். என் பிள்ளை குளிர்ல நடுங்கறதுக்குப் பொய்யே மேல்."

அடுப்புக்குள் தணல் உதிரும் சத்தம் கேட்டது. பிறகு ஆர்வோ, யாரையும் பார்க்காமல், சொன்னான்: "உங்கப்பா அடக்கத்தன்னிக்கு அவன் தொப்பியக் கழட்டிட்டு நின்னான் லெம்பி. நான் ஜன்னல் வழியா பார்த்தேன். ஒன்றரை மணி நேரம். ஜனவரி மாசம். வெறுந்தலை."

"பார்த்தியா?"

"பார்த்தேன். அதப் பார்த்தப்புறமும்தான் அவன அப்படித் திட்டினேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கோபமா இருந்தா அஞ்சு வருஷத்துல ஆறியிருக்கும். எனக்கு அவன் மூஞ்சிய எப்படிப் பார்க்கறதுன்னு தெரியல. அவ்வளவுதான்."

லெம்பி அவன் முன்னால் நின்றாள். இப்படி ஒன்று அவனுக்குள் இருந்தது அவளுக்குத் தெரியாது.

"அந்த ரொட்டிய எடு," என்றான். மேஜைமேல் இருந்த ஒரே நிசுவை.

"அப்ப நமக்கு?" என்றாள் இர்யா.

"உன் பெரியம்மா நம்மள வெளியில துரத்தலன்னா, அங்கயே தின்னலாம்."

எட்டு மைலும் லெம்பி ஓட்டினாள். ரொட்டி இர்யாவின் மடியில். வழியில் ஆர்வோ இரண்டு தரம், "திரும்பிடலாமா?" என்றான். லெம்பி காதில் வாங்கவில்லை.

கதவைத் திறந்தது சைமிதான். ஏப்ரன் எல்லாம் மாவு, நெற்றியோரம் நரை. தங்கையைப் பார்த்தாள், பிறகு கக்கத்துக் கட்டைகள் ஊன்றி நின்றவனைப் பார்த்தாள். "கதவ சாத்திட்டு உள்ள வாங்க, சூடெல்லாம் வெளிய போகுது," என்றாள்.

உள்ளே ஓன்னி எழுந்து நின்றான். இரண்டு ஆண்களும் ஒருவர் சட்டைப் பொத்தானை ஒருவர் பார்த்தார்கள்.

"கால் எப்படி?" என்றான் ஓன்னி.

"இருக்கு."

"விறகு?"

"கொஞ்சம் ஈரம். சடசடங்குது."

"ஈரந்தான். இன்னும் ஒரு வருஷம் காயணும். அவசரத்துக்கு அதுதான் கிடைச்சுது."

"நல்லா எரியுது ஓன்னி," என்றான் ஆர்வோ. அப்புறம் கஷ்டப்பட்டு, "அன்னிக்கு நான் சொன்ன வார்த்தை..." என்று தொடங்கினான்.

"எனக்கு ஒரு காது அன்னிக்கே விறைச்சுப் போச்சு," என்றான் ஓன்னி. "பாதிதான் கேட்டுச்சு. உக்காரு, காபி ஊத்தறேன்."

சமையலறையில் சைமி ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள். "ஏலக்காய் அள்ளிப் போட்டிருக்க. அம்மா பார்த்தா அடிச்சிருப்பா."

"ஆர்வோ இடிச்சது அக்கா. அவனுக்குச் சுத்தியல் கிடைச்சா நிறுத்தத் தெரியாது."

சைமி சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு எங்கோ நடுவில் அழுகையாகிவிட்டது. இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் முகம் வைத்து நின்றார்கள். வறுபடும் மான் கறி தீயும் வாசனை வந்தபிறகுதான் விலகினார்கள்.

சாப்பிட உட்கார்ந்தபோது ஆர்வோ வழக்கம்போலத் தலைகுனிந்து ஜெபம் சொன்னான். ஓன்னி குனியவில்லை. ஆனால் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அது முடியும்வரை ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். ஆமென் என்றதும், "இப்ப தின்னலாமா, இல்ல அவருக்கு இன்னும் ஏதாவது பாக்கி சொல்லணுமா?" என்றான். ஆர்வோவே முதலில் சிரித்தான்.

அவர்கள் கட்சி மாறவில்லை. அடுத்த முப்பது வருஷமும் தேர்தல், சங்கம், சாமி என்று எதற்கெடுத்தாலும் மல்லுக்கட்டினார்கள். ஆர்வோவின் கால் சுரங்கத்துக்குத் தாங்கவில்லை. வசந்தத்தில் ஓன்னி தன் கட்சிக் கடையின் தானியக் கிடங்கில் அவனுக்கு வேலை பேசி வாங்கித் தந்தான். போதகர் வருத்தப்பட்டார். ஆர்வோ போனான். நன்றித் திருநாள் ஒரு வருஷம் இந்த வீட்டில், மறு வருஷம் அந்த வீட்டில் என்று ஆயிற்று.

சுரங்கம் மூடிய பிறகு ஊரில் பலர் சிதறினார்கள். லெம்பி பின்னாளில் மில்வாக்கியில் இர்யாவுக்குப் பக்கத்தில் குடியிருந்தாள். நவம்பர் வந்தால் அந்த நன்றித் திருநாளைப் பற்றிச் சொல்லாமல் இருக்கமாட்டாள். அதில் அவள் கடைசியாகச் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: பொழுது சாயும் முன் கிளம்ப வேண்டும் என்று அவர்கள் வெளியே வந்தபோது, ஓன்னி பனியில் குனிந்து சக்கரம் வழுக்காமல் இருக்க அதற்கு அடியில் சாம்பல் தூவினான். ஆர்வோ கக்கத்துக் கட்டைகள்மேல் சாய்ந்து நின்று, "இடது பக்கம் போதாது, இன்னும் போடு," என்று அதிகாரம் பண்ணினான். ஓன்னி மறுபேச்சில்லாமல் இன்னும் ஒரு வாளி சாம்பல் கொண்டுவரப் போனான்.