ரிவர்ஸ் விழல

கரகரவென்று பல்லைக் கடித்துவிட்டு, கியர் கம்பி மறுபடியும் உமா மகேஸ்வரியின் கையை உதறித் தள்ளியது. ரிவர்ஸ் விழவில்லை. காரின் மூக்குக்கு முன்னால் சின்னதாக ஒரு சரிவு, அதற்கப்புறம் ஓடைதான்.

"கிளட்ச முழுசா மிதி. கியர் கரகரங்குதுன்னு நீ சொன்னதுலருந்து இதத்தான சொல்லுதேன்," என்றான் விஜயசங்கர்.

"முழுசாத்தாங்க மிதிச்சிருக்கேன்."

பக்கத்து இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளி, மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தான் அவளுடைய கணவன். பைக்கிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்ததிலிருந்து தென்காசி வீட்டுக் கட்டிலில்தான் கிடந்தான். காலையில் சாரல் விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, மேலே கொஞ்சம் பட்டால் போதும், குளிக்கக்கூட வேண்டாம் என்று பிள்ளையைப் போல நச்சரித்தான். அருவிப்பக்கம் போனால் சீசன் கூட்டத்தில் வண்டி நகராது. அதனால் இலஞ்சிக்கு மேற்கே தோப்புக்குள் புகுந்து, அவன் சின்ன வயதில் குளித்த ஓடைக்கரைக்கு வந்தார்கள். இருந்த இடத்திலிருந்தே தண்ணீரைப் பார்க்கட்டும் என்று உமாதான் காரைச் சரிவில் முன்பக்கமாக இறக்கி நிறுத்தினாள். லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

கூழாங்கல் தெரிய ஓடிக்கொண்டிருந்த தண்ணீர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்மண் நிறத்துக்கு மாறியது. முதலில் சருகு வந்தது. பிறகு வேரோடு ஒரு செடி. இங்கே தூறல்தான், ஆனால் மலைக்கு மேலே மேகம் கறுத்துக் கிடந்தது. "வண்டிய எடு" என்று அவன் சொன்ன குரலில் அதுவரை அவள் கேட்டிராத ஏதோ ஒன்று இருந்தது.

தோப்பில் தேங்காய் பொறுக்குகிற பேச்சித்தாய் பின்னால் இருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தாள். "யக்கா! அஞ்சருவில ஆளுகள எல்லாம் மேல ஏத்தி விட்டுட்டாவளாம்! வெள்ளம் வருது, வண்டிய எடுங்க!"

உமா கிளட்சை விட்டுவிட்டு மிதித்தாள். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, இரண்டாவது கியரில் போட்டு, திரும்ப ரிவர்ஸுக்குத் தள்ளினாள். கரகரப்பு பாதம் வரை இறங்கியது. பெடல் வழக்கத்தைவிடத் தரையோடு ஒட்டிக் கிடந்தது. அதை அவன் குனிந்து பார்த்தான்.

"உன் கால் மேல தப்பில்ல," என்றான். "கிளட்ச் விடல. உள்ள எஞ்சினோட சேந்து சுத்திக்கிட்டே இருக்கு, அதான் பல்லு சேரல." நிமிர்ந்து தண்ணீரைப் பார்த்தான். "நீ எறங்கி ரோட்டுக்குப் போ."

"நீங்க?"

"போன்னா போயேன்ட்டி!"

கை தானாகக் கதவைத் திறந்தது. அவளே அறியாமல் ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள். பாதம் சேற்றில் பதிந்தது. மகள் ஸ்ரீமதி பள்ளிக்கூட வாசலில் பையை மாட்டிக்கொண்டு நிற்பாள், கூப்பிடப் போக ஒருத்தராவது வேண்டாமா என்று மனசு வெகு வேகமாகக் கணக்குப் போட்டது. திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. யாரோ மடியில் வைத்துவிட்டுப் போன மூட்டையைப் போல அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல கனத்த ஆள். அவளும் பேச்சித்தாயும் சேர்ந்தாலும் வழுக்குகிற சரிவில் தூக்கிக்கொண்டு ஏற முடியாது.

உமா காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"என்ன செய்யணும், சொல்லுங்க."

அவன் காலைக் கீழே விட்டான். "எஞ்சின ஆப் பண்ணு. எஞ்சின் நின்னா கியர் விழும். ரிவர்ஸ்லயே வச்சு ஸ்டார்ட் பண்ணு, கிளம்பும்போதே பின்னால குதிக்கும். ஹேண்ட்பிரேக்க நான் விடுதேன்."

"பஸ்ட்ல விழுந்திருந்தா?"

பஸ்ட்டுக்கும் ரிவர்ஸுக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான். முன் பம்பரில் தண்ணீர் மோதுகிற சத்தம் கேட்டது.

எஞ்சினை நிறுத்தினாள். ரிவர்ஸுக்கென்று கம்பியின் கழுத்தில் இருந்த வளையத்தைத் தூக்கித் தள்ளினாள், எதிலோ விழுந்தது. எதில் என்று தெரியவில்லை. சாவியைப் பாதி திருப்பிவிட்டு, ஜன்னலில் தலையை நீட்டினாள். "பேச்சித்தாயி! பின்னால லைட்டு எரியுதா பாரு!"

"எரியுதுக்கா!"

உமா சாவியை மீதியும் திருப்பப் போனாள். விஜயசங்கர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "என்ன கலர்னு கேளு. ரிவர்ஸ்னா வெள்ளையா எரியணும்."

"செவப்பா வெள்ளையா?"

"செவப்பு! நல்லா செவப்பா எரியுது!"

பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தாள், அதனால்தான் சிவப்பு. காலை எடுத்தாள். "இப்பம்?"

"அணைஞ்சு போச்சே!"

அப்படியானால் முதல் கியர். சாவியைத் திருப்பியிருந்தால் நேராக ஓடைக்குள். கம்பியை வெளியே இழுத்து, வளையத்தை இன்னும் மேலே தூக்கி, இடது பக்கமாகச் சாய்த்துத் தள்ளினாள். இடித்துக்கொண்டு நின்றது. ஹேண்ட்பிரேக்கை அவன் ஒரு நொடி தளர்த்தினான். கார் தண்ணீரை நோக்கி ஒரு சாண் உருண்டது. உமா அலறிவிட்டாள். அந்த உருளலில்தான் உள்ளே ஏதோ வழிவிட்டு, கம்பி லொடக்கென்று விழுந்தது.

"வெள்ளக்கா! ஒத்த லைட்டு, வெள்ளையா எரியுது!"

"தள்ளி நில்லு!"

சாவியைத் திருப்பினாள், அவன் ஹேண்ட்பிரேக்கை விட்டான். கார் அடிபட்ட மாடு மாதிரி பின்னால் துள்ளியது. சக்கரம் சேற்றில் சுழன்று, பிடித்து, ஏறியது. முன்னால் பழுப்பு நிறம் விலகிப் போவதையே பார்த்துக்கொண்டு, தென்னையில் இடித்து எஞ்சின் அணைகிற வரை அவள் நிறுத்தவே இல்லை.

பேச்சித்தாய் தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உமாவுக்கு இடது கால் பெடலிலிருந்து வரவில்லை.

விஜயசங்கர் சொன்னான், "நீ எறங்கப் பாத்தது சரிதான்."

"எறங்கலியே."

"ம்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. இருவர் கண்களும் கண்ணாடிக்கு வெளியே இருந்தன. சரிவில் அவர்கள் ஏறி வந்த இரண்டு டயர்த் தடங்களும் ஆழமாகப் பதிந்து கிடந்தன. ஓடைத் தண்ணீர் முதலில் இடது தடத்துக்குள் புகுந்து, அவசரமே இல்லாமல், வழி தெரிந்ததைப் போல மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.