சோணையம்மாள் பேரில் ஒரு புட்டி

நீரடிமுத்து எண்ணெயை மோந்து பார்த்தவர்களுக்குத்தான் கம்பவுண்டர் சத்தியமூர்த்தியின் பாடு தெரியும். சிக்குப்பிடித்த கொழுப்பு வாடை. நாலு நாளைக்குக் கையை விட்டுப் போகாது. அந்தக் கண்ணராவியைத்தான் தேனம்மை ஆச்சியின் மகள் விசாலம் குடித்துக் குடித்து வாந்தியெடுத்தாள். முதுகில் வெளுத்த தேமல். ஊசியால் குத்தினாலும் உறைக்காது. குஷ்டத்தின் ஆரம்பம்; அதற்கு இந்த எண்ணெய்தான் மருந்து. வருகிற தையில் கல்யாணம்.

வெளியே தெரிந்தால் அந்த வீட்டில் யார் பெண்ணெடுப்பார்கள்? ஆனால் காரைக்குடியில் சத்தியமூர்த்தியின் மருந்துக்கடையிலிருந்து நோயாளி பேர் ஒட்டாமல் எந்தப் புட்டியும் போகாது. ஆச்சி யோசிக்கவேயில்லை, வேலைக்காரி சோணையம்மாள் பேரை ஒட்டச் சொன்னாள். எழுத்தறியாத சோணையம்மாளே அந்தப் புட்டியைக் கையில் பிடித்துக் கடைத்தெரு வழியே கொண்டுபோனாள். ஒட்டிக் கொடுத்தவர் சத்தியமூர்த்தி. சீ, அவரும் ஒரு மனிதர்!

விசாலத்தின் வயிறு எண்ணெயைத் தாங்காது என்று தெரிந்ததும், ரங்கூன் ஆஸ்பத்திரியில் பார்த்துவந்த வித்தையைச் செய்தார். எண்ணெயோடு சுத்தச் சாராயமும் கந்தகத் திராவகமும் சேர்த்து நாள்முழுதும் சூடேற்றினார்; கழுவி வடித்தார். கெட்டி எண்ணெய் வேறொரு சரக்காக மாறித் தண்ணீராய் ஓடியது. இனிக் குடிக்க வேண்டாம், ஊசியில் ஏற்றலாம்.

ஆறாவது மாதம் தேமலில் உணர்ச்சி திரும்பியது. ஆச்சி தட்டு நிறையப் பலகாரம் அனுப்பினாள். சத்தியமூர்த்தி அதைத் தொடவில்லை. புட்டிச் சீட்டில் மருந்தையும் பேரையும் படித்தவர்கள் ஊரெல்லாம் பரப்பி, சோணையம்மாளை ஊருணியில் இறங்க விடாமல் விரட்டிக்கொண்டிருந்தார்கள். ஆச்சியும் ஊர்வாய்க்குப் பயந்தவள்போல அவளை வேலையை விட்டு நிறுத்தியிருந்தாள். என்ன நெஞ்சழுத்தம்!

ஒரு மத்தியானம் சோணையம்மாள் கடைக்கு வந்தாள். படியேறாமல் தெருவிலேயே நின்றாள்.

"எனக்கு என்ன சீக்குய்யா?"

"உனக்கு ஒண்ணுமில்ல தாயி."

"இதை ஊருணிக்கரையில வந்து சொல்லுவீகளா?"

சொன்னால், அப்புறம் யாருக்கு வியாதி என்று ஊர் கேட்கும். விசாலத்தின் கல்யாணம் நின்றுபோகும். அவர் மாட்டேனென்று தலையசைத்தார். தன் முகத்திலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

சோணையம்மாள் படியேறி வந்து கையை நீட்டினாள்.

"அப்பச் சரி. எனக்கும் அந்த ஊசியப் போட்டு விடுங்க. கொணமாயிருச்சுன்னாவது சொல்லுவீகள்ல."

சத்தியமூர்த்தி ஊசியைக் கொதிக்கும் வெந்நீரில் போட்டார்.