அப்பீலில் விடுபட்ட தங்கச்சி

தன் அப்பீல் வழக்கில் தங்கை பாலேஸ்வரியின் பெயரைச் சீவரத்தினம் வேண்டுமென்றேதான் விட்டிருந்தார். அது அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், நீர்வேலியில் பாதிப்பேருக்கும் தெரியும். ஏனென்று தெரியாமல் இருந்தது அவருடைய சட்டத்தரணி கிறகோரிக்குத்தான்.

வழக்கு ஒரு கிணற்றைப் பற்றியது. தகப்பன் விட்டுப்போன வாழைத்தோட்டத்துக் கிணறு, அண்ணனுக்கும் தங்கைக்கும் பொது. பக்கத்துக் காணிக்காரர் மார்க்கண்டு அதில் இறைக்க வந்தபோது, சீவரத்தினம் தன் பெயரையும் தங்கையின் பெயரையும் போட்டு யாழ்ப்பாணத்தில் வழக்கு வைத்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது, பாலேஸ்வரி சாட்சிக்கூண்டில் ஏறும்வரை.

"மார்க்கண்டு முந்தியும் உந்தக் கிணத்திலை இறைச்சவரோ?" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டார்.

"ஓம். நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்கையே இறைச்சவை. எங்கடை அப்புதான் இறையுங்கோ எண்டு சொன்னவர்."

தகப்பனே விட்ட உரிமை என்றாகி வழக்குத் தோற்றது. வெளியே வந்த சீவரத்தினம் தங்கையோடு ஒரு சொல் கதைக்கவில்லை. கொடிகாமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவள் தனியே பஸ் ஏறிப் போனாள். அவர் நேரே கிறகோரியிடம் போய், கொழும்புக்கு அப்பீல் எடுக்கச் சொன்னார், தன் பெயரில் மட்டும்.

எண்பத்து நான்காம் ஆண்டு சித்திரை முடிந்த கையோடு கிறகோரி ஆள்விட்டுக் கூப்பிட்டார்.

"அண்ணை, மார்க்கண்டற்றை ஆக்கள் மறிச்சுப்போட்டினம். கீழ்க்கோட்டிலை வழக்காளியா நிண்ட உங்கடை தங்கச்சியை அப்பீலிலை சேர்க்கேல்லை, ஆனபடியால் அப்பீலையே தள்ளுங்கோ எண்டு கேக்கினம்."

"ஒரு பேர் விட்டதுக்கோ?"

"அவவும் பங்குக்காரியெல்லோ. அவவை வெளியிலை விட்டுட்டுத் தீர்ப்புச் சொல்லேலாது. இப்பவாவது சேர்க்க விடுங்கோ எண்டு மனுப் போடலாம். ஆனால் ஏன் விட்டதெண்டு சத்தியக் கடதாசியிலை சொல்லவேணும். ஏன் விட்டனியள்?"

சீவரத்தினம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். "கோவம்."

"கோவம் எண்டு எழுதட்டோ?"

"மறந்துபோச்செண்டு எழுதேலாதோ?"

"கூடப்பிறந்த பிள்ளையை மறந்துபோனன் எண்டு சத்தியம் பண்ணப் போறியளோ?"

அவளே வந்து ஆட்சேபம் இல்லை என்று சொன்னால் காரியம் லேசாக முடியும் என்றார் கிறகோரி. சீவரத்தினம் கொடிகாமத்துக்குப் பஸ் ஏறினார்.

பாலேஸ்வரி முற்றத்தில் குந்தியிருந்து சந்தைக்குப் போகவேண்டிய கத்தரிக்காயில் சொத்தைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கண்டதும் எழும்பித் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். அவர் விசயத்தை முழுக்கச் சொன்னார்.

"அப்ப உங்களோடை என்னையும் அப்பீல்காரியாப் போடப் போறியளோ?"

"இல்லைப் பிள்ளை. அதுக்குத் தவணை முடிஞ்சுபோச்சாம். இனி எதிராளியாத்தான் போடலாமாம்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "மார்க்கண்டண்ணைக்குப் பக்கத்திலையோ?"

"நீ முந்தியே அங்கைதானே நிண்டனி!"

வாய்தவறி வந்துவிட்டது. அவள் சிரிப்பு நின்றது.

"கேட்டதுக்கு உண்மையைச் சொன்னனான் அண்ணை. பொய் சொல்லச் சொல்லி நீங்களும் எனக்கு ஒருநாளும் பழக்கேல்லை."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"சேருங்கோ," என்றாள் அவள். "ஆனால் கொழும்புக்கு நானும் வருவன். என்னைப் பற்றிக் கதைக்கேக்கை நான் அங்கை நிக்கவேணும்."

"போன ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஆம்பிளையளே அங்கை போகப் பயப்பிடுகினம்."

"நீங்கள் போறியள்தானே?"

ரயிலில் சீவரத்தினம் துவாயைப் போட்டு அவளுக்கு யன்னலோரம் பிடித்து வைத்திருந்தார். கொடிகாமத்தில் ஏறியவள் அனுராதபுரம் தாண்டும்வரை அவருக்கு வீட்டுப் புதினம், ஊர்ப் புதினமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அவரும் மெல்ல மெல்ல வாய் திறந்தார்.

நீதிமன்றத்தில் மார்க்கண்டுவின் சட்டத்தரணி நன்றாகவே வாதாடினார். தவறுதலாக விட்டால் மன்னிக்கலாம், கோபத்தில் விட்டதை எப்படி மன்னிப்பது என்று கேட்டார். மூத்த நீதிபதி சத்தியக் கடதாசியை வாசித்துவிட்டு, அந்தத் தங்கை வந்திருக்கிறாரா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். பாலேஸ்வரி எழுந்தாள்.

"உங்களைச் சேர்ப்பதில் ஆட்சேபம் உண்டா?"

"இல்லை ஐயா. சேர்க்காமல் விட்டதுதான் எனக்கு மனவருத்தம்."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. சீவரத்தினம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். மற்ற நீதிபதி சிரிக்காமல், இவரைச் சேர்ப்பதால் மார்க்கண்டுவுக்கு என்ன நட்டம் என்று கேட்டார். சட்டத்தரணி ஏதேதோ புரட்டிப் பார்த்தார். நட்டம் எதுவும் அகப்படவில்லை. கோபம் நல்ல காரணமல்ல, ஆனாலும் ஒருவருக்கும் பாதிப்பில்லாததால் சேர்க்கலாம் என்று கட்டளையானது.

"அவ்வளவு சனத்துக்கு முன்னாலை என்னை..." என்றார் வெளியே வந்த சீவரத்தினம்.

"மனவருத்தம் எண்டது பொய்யோ?"

"இல்லை," என்றார். தெருவைக் கடந்தபின், "எனக்கும்தான்," என்றார்.

அடுத்த வருடம் அப்பீல் தோற்றது. செய்தி வந்த அன்று பாலேஸ்வரி நீர்வேலியில்தான் நின்றாள்.

"தோத்திட்டம் பிள்ளை."

"நீங்கள்தான் தோத்தனியள். நான் எதிராளியெல்லோ, வெண்டிட்டன்."

சீவரத்தினம் முறைக்கப் பார்த்தார். முடியவில்லை, சிரித்துவிட்டார். பின்னேரம் வேலியடிக்குப் போய் மார்க்கண்டுவைக் கூப்பிட்டு, யார் எந்த நாளில் இறைப்பதென்று பேசினார். செவ்வாய்க்கிழமைதான் இருவருக்கும் இழுபறியாக இருந்தது.