நின்னுடுச்சு!

கதவு சாத்தியிருந்தது. ஜன்னலும்தான். மின்விசிறியைப் போடக் கூடாது. போட்டால் தட்டுத் தட்டாக எடை போட்டு வைத்திருக்கும் மூலிகைப் பொடி அத்தனையும் பறந்துவிடும். பொடி அறையின் முதல் சட்டமே அதுதான்.

அவளுக்கு முதுகில் அனல் ஏறத் தொடங்கியது.

'ஐயோ, இப்பவா!'

மேஜை நிறைய டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் அவள் முகம்தான் பல்லைக் காட்டிச் சிரித்தது. கீழே கொட்டை எழுத்தில், 'எனக்கு நின்னுடுச்சு!'

அந்த ஒரு வார்த்தைதான் அவளை மாட்டிவிட்டது. பொடி கம்பெனி முதலாளியான நாத்தனார் போன வருஷம் இவளுக்கு மூணு மாசம் அந்தப் பொடியைக் கொடுத்துவிட்டு, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள். இவள், "நின்னுடுச்சு அண்ணி" என்றாள். சொன்னது மாதவிலக்கை. நாத்தனார் எடுத்துக்கொண்டது, அனலும் வேர்வையும் நின்றுவிட்டதாக. மறுவாரமே லேபிள் அச்சாகி வந்துவிட்டது.

இவள் விளக்கப் போனபோது நாத்தனார், "அச்சடிச்சாச்சு. இனிமே வாயைத் தைச்சுக்க" என்றுவிட்டாள்.

டாக்டரைப் பார்க்கணும் என்று நேற்று கெஞ்சியதற்கும் பாட்டுதான் கிடைத்தது. "டப்பா மேல இருக்கிற மூஞ்சி ஆஸ்பத்திரி வரிசையில உட்கார்ந்தா, நான் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்!" இவள் வீட்டுக்காரரோ தன் அக்கா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்.

இன்று ஆர்டர் கொடுக்க வந்திருந்த மொத்த வியாபாரி அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "லேபிள்ல இருக்கிறது இவங்கதானா?"

"இவளேதான்! மூணே மாசம் சாப்பிட்டா. இப்ப ஒரு சொட்டு வேர்வை கிடையாது!"

சொட்!

அவள் மோவாயிலிருந்து விழுந்த துளி தராசுத் தட்டில் பொடியைக் குழியாக்கியது.

நாத்தனார் அசரவில்லை. "அது... அடுப்படியில இருந்து வந்தா."

"இங்க அடுப்பே இல்லையே?" வியாபாரி அம்மாள் இவள் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. என்னதான் நின்னுச்சு?"

இடுப்பில் நாத்தனாரின் கிள்ளு விழுந்தது. வெளியே ஓடிவிடலாம் என்றால் கதவை மறைத்துக்கொண்டு அவளேதான் நிற்கிறாள். காது கொதித்தது. மூச்சு முட்டியது. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரே ஒரு சுவிட்ச்.

தட்டினாள்.

குபீரென்று பச்சைப் புழுதி கிளம்பியது. "அடிப்பாவி!" என்று அலறிய நாத்தனாரின் வாயிலும் ஒரு பிடி போனது.

பிடரியில் காற்று பட்டதும் அவளுக்கு உயிர் வந்தது.

"மாதவிலக்குதாங்க நின்னுச்சு. இந்த அனல் நிக்கவே இல்ல. நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர்கிட்ட போறேன்."

வியாபாரி அம்மாள் இமையில் படிந்த பொடியைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்த டாக்டர்? நானும் வரேன். உங்க மூஞ்சியை நம்பி நாலு டப்பா முடிச்சிருக்கேன்!"