மண்வேதாளத்தின் முதுகில் குங்குமம்

2025 அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை. திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நடந்த ‘வனமும் கோட்டையும்’ சீட்டுப் போட்டியின் அரையிறுதி, காலை பதினொன்று இருபதுக்கு நிறுத்தப்பட்டது.

நிறுத்தியவர் நடுவர் திலீப். ஆடிக்கொண்டிருந்த கல்பனாவின் சீட்டுக்கட்டிலிருந்து மண்வேதாளம் என்ற சீட்டை உருவிக் கவிழ்த்துப் பிடித்தார். முதுகின் நடுவே மங்கிய குங்குமம், சுற்றிலும் மஞ்சள் கறை.

“ஏம்மா, இது என்ன?”

“குங்குமம் சார். ஆயுத பூஜைக்கு வெச்சது.”

கல்பனாவுக்குச் சித்தூர் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் வேலை, வீடு பாலசமுத்திரத்தில். புதன்கிழமை அவள் அப்பா பாலையா மண்வெட்டி, அரிவாள், மருந்தடிக்கிற மிஷின் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கியபோது, சீட்டுப் பெட்டியைக் கொண்டுபோய் நடுவில் வைத்தவள் அவளேதான். பெட்டி திறந்திருந்தது. பாலையா மேல்சீட்டுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார். பூஜைப் பொட்டைத் துடைக்க மாட்டார்கள், அதுவாகத்தான் உதிர வேண்டும். அவளும் துடைக்கவில்லை.

இரண்டு பேர் ஆடுகிற ஆட்டம் அது. ஒருவருக்கு வனம், இன்னொருவருக்குக் கோட்டை, ஆளுக்கு நாற்பது சீட்டு. கடையில் பலமான சீட்டாகப் பார்த்து வாங்கிச் செருக முடியாது; எந்தப் பக்கம் ஆடினாலும் எல்லாப் பெட்டியிலும் அதே நாற்பதுதான். வசதியுள்ளவன் கையிலும் தன் கையிலும் ஒரே மண்வேதாளம் என்பதற்காகவே கல்பனா இதைப் பிடித்துக்கொண்டாள்.

“அடையாளம் போட்ட சீட்டு. அடுத்து எது வரும்னு தெரிஞ்சுடும். ரூல் அண்டே ரூல்,” என்றார் திலீப், தெலுங்கு கலந்த தமிழில்.

“காத்தால இருந்து மூணு பேரை ஜெயிச்சுக்கினு வந்திருக்கேன், ஒருத்தரும் கேக்கல. பொட்டு இன்னா என் கண்ணுக்கு மட்டுமா தெரியுது? திருடறவ குங்குமம் வெச்சிக்கினா சார் திருடுவா?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

எதிரில் உட்கார்ந்திருந்த கௌஸ்துப், கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பையன். “எனக்கு ஆட்சேபணை இல்லை சார். எங்காத்துல மிக்ஸிக்குக்கூட பொட்டு வெச்சிருக்கா,” என்றான்.

திலீப் அவனைப் பார்க்கவில்லை. அவர் சொன்ன விதியில் தவறில்லை என்பது கல்பனாவுக்கும் புரிந்தது.

“சரி சார், சீட்டு தப்பு. தோ, பக்கத்துலயே புதுப் பெட்டி அடுக்கி வெச்சிருக்கீங்க. எல்லாம் ஒண்ணுதானே? ஒண்ணு குடுங்க, மொதல்ல இருந்து ஆடறேன்.”

“தரலாம். இதுல கையெழுத்துப் போடு.”

தெலுங்கில் அச்சடித்த படிவம். தெலுங்குப் பள்ளியில் படித்தவள் அவள். இரண்டு முறை படித்தாள். ‘என் சீட்டில் வேண்டுமென்றே அடையாளம் இட்டேன். மன்னிக்கவும்.’

“வேணும்னு வெக்கல சார். அந்த ஒரு வார்த்தைய அடிச்சுடுங்க, போடறேன்.”

“ஃபாரத்தைத் திருத்த எனக்கு பவர் இல்ல.”

“என்னைத் திருடின்னு எழுத மட்டும் இருக்குதா?”

“ஊரிக்கே, சும்மா பேசாதம்மா. அஞ்சு நிமிஷம் டைம்.”

அப்போதுதான் அவள் பார்த்தாள். திலீப்பின் லேப்டாப் மூடியில், கம்பெனிப் பெயருக்கு மேலே, மூன்று விரல் சந்தனமும் நடுவில் குங்குமமும்.

“இது இன்னா சார், அடையாளமா? இத வெச்சி யாரை ஏமாத்தப் போறீங்க?”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. திலீப் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

கௌஸ்துப் குனிந்து மெல்லச் சொன்னான். “போட்டுடுங்கோ. ஒரு காகிதம்தானே. கோட்டைல எனக்கு ரெண்டு வாசல்தான் விழாம பாக்கி இருந்தது, மறுபடி ஆடினாலும் நீங்கதான் ஜெயிப்பேள்.”

“உங்க பேரை எழுதி நீட்டினா போடுவீங்களா?”

அவன் கையிலிருந்த சீட்டுகளை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினான்.

கல்பனா பேனாவைக் கையில் எடுத்தாள். மண்வெட்டிக்கு வைத்த அதே விரலால் நைனா வைத்த பொட்டு. அதற்கு மன்னிப்பா? ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்து, கீழே தன் பெயரை எழுதி, படிவத்தைத் திலீப் பக்கம் தள்ளினாள்.

“இது செல்லாது,” என்றார் அவர்.

“எனக்குச் செல்லும்.”

நாற்பது சீட்டையும் எண்ணிப் பெட்டியில் போட்டாள். மண்வேதாளம் மேலே இருந்தது.

கௌஸ்துப் இறுதி ஆட்டத்துக்குப் போனான், அதில் தோற்றான். மாலையில் ஒட்டிய பட்டியலில் கல்பனாவின் பெயருக்கு நேரே, ‘தகுதி நீக்கம்: அடையாளமிட்ட சீட்டு’ என்றிருந்தது. ஒரு வருடத்துக்கு எந்தப் போட்டியிலும் ஆட முடியாது என்று அடியில் ஒரு வரியும் இருந்தது.