மாதமும் நாளும்

நேற்றுக் காலை தொலைபேசியில் கனகராஜ் அண்ணனின் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது. லாயாங் லாயாங் ஊர்க் கோயிலைக் கவனித்துக்கொள்பவர் அவர்.

"பொறந்தநாள் பட்டியல் வர்றதுக்குள்ள பூசை முடிஞ்சிருச்சு லா, லோஷினி. நாளைக்கு ராசம்மா அக்காவுக்கு அறுபது. சிங்கப்பூர் வேலைக்கு லீவு போட்டுட்டு வர்றாங்க, ஐயர் வாயால பேரு கேக்கணும்னு."

செனாயில் நான் வேலை செய்யும் சிறு நிறுவனம் நானூறு கோயில்களின் பக்தர் விவரங்களை வைத்திருக்கிறது. பன்னிரண்டு லட்சம் பெயர்கள். காலை ஆறு மணிக்கு எல்லாக் கோயில்களும் ஒரே நேரத்தில் கேட்கும்: இன்று யாருக்குப் பிறந்தநாள்? அந்தத் தேடலை எழுதியவள் நான். பிறந்த தேதிக்கு இண்டெக்ஸும் போட்டிருந்தேன். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சொற்களை வரிசைப்படுத்தி வைப்பதுபோல. அது போதும் என்று நம்பினேன்.

மாலையில் நான் போகும் கணினி வகுப்பில் பக்கத்து இருக்கைப் பிரவீனா என் திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"அலமாக்! ஆளுங்க பொறந்த வருஷ வரிசையில நிக்கிறாங்க. நீ மாசத்தையும் நாளையும் கேக்குற. கம்ப்யூட்டர் பாவம், பன்னெண்டு லட்சம் பேரோட ஐசி கார்டையும் வாங்கிப் பாக்குது."

'இன்று பிறந்தநாளா' என்ற கேள்வியின் பதிலுக்கே இண்டெக்ஸ் போட முயன்றேன். கணினி மறுத்தது. மூன்று முறை எழுதிப் பார்த்தேன். எங்கோ எழுத்துப் பிழை விட்டிருப்பேன் என்றுதான் தோன்றியது. பிழை இல்லை. அந்தப் பதில் நாளைக்கு மாறிவிடும். இப்படித் தானாக மாறுகிற எதையும் அது வரிசையில் வைக்காது. ஒருவர் பிறந்த மாதமும் நாளும் மட்டும் மாறுவதே இல்லை. தேதியிலிருந்து அவ்விரண்டையும் கணக்கிட்டு, அந்த விடைக்கு இண்டெக்ஸ் போட்டேன்.

அட்டவணையில் ஒரு வரிகூட இடம் மாறவில்லை. ஆனால் அதன் அருகே, யார் கண்ணிலும் படாமல், ஆண்டுகளே இல்லாத இன்னொரு வரிசை நின்றது. பன்னிரண்டு லட்சம் பேரும் முந்நூற்று அறுபத்தாறு நாள்களுக்குள். வீட்டுக்குப் போகும் பேருந்தில் எவர் முகத்தைப் பார்த்தாலும், இவர் எந்த நாளில் நிற்கிறாரோ என்றே நினைத்தேன்.

இன்று காலை ஆறு மணி. விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் பட்டியல் வந்துவிட்டது. நம்பாமல் இன்னொரு முறை கேட்டேன். அதேதான். லாயாங் லாயாங் பட்டியலில் ராசம்மாவுக்கு அடுத்த வரியில், இன்று ஒரு வயது நிறையும் யுகேந்திரன்.

ஆறரைக்குக் கனகராஜ் அண்ணன் அழைத்தார். கைபேசியைச் சன்னதிப் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். மணியோசை. ஐயரின் குரலில் ஒவ்வொரு பெயராக.

"ராசம்மா..."

"இருக்கேன் சாமி!"

யாரோ சிரித்தார்கள். பக்கத்திலேயே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.