துண்டுக்குள் முடிந்த பேரம்

மாட்டுத் தரகர் வீரமுத்து, பல் விழுந்த கிழமாட்டையும் இளங்காளை என்று சாதித்து விற்றுவிடக்கூடியவர். சாமியிடம் மட்டும் அவர் ஒரே விலைதான் பேசினார். மகன் அறிவரசனுக்குக் கைக்குழந்தைப் பருவத்தில் மூளைக்காய்ச்சல் கண்டபோது செட்டிகுளம் மலையேறி, "புள்ளையக் கொடு, இனி கறி தொடமாட்டேன்" என்று வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் மனைவி அம்சவள்ளியின் கைமேல் தோள்துண்டைப் போட்டார். சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். படியாவிட்டால் கையை விட்டுவிடுவார்கள். படிந்தால் முழுக்கையையும் இறுகப் பற்றுவார்கள். பற்றிய பிறகு பேச்சு மாறியவனுக்கு மறுபடி சந்தையில் மாடு பிடிக்க ஆள் வராது. அவள் கையை அப்படிப் பற்றிக்கொண்டு வீரமுத்து சொன்னார்: "நாளைக்கு நானே கேட்டாலும் கறி கொடுக்காதே புள்ள. கேக்குறது நானில்ல, என் நாக்குன்னு வச்சுக்க."

அவள் மட்டும் தனிச்சட்டியில் கறி ஆக்கிச் சாப்பிட்டு வந்தாள். "என் பேரத்துக்கு நீ எதுக்குத் தரகு கொடுக்கணும்?" என்று சிரிப்பார்.

இப்போது அவருக்கு மறதி நோய். மலை மறந்துபோயிற்று, மகனும் மறந்துபோனான். அம்சவள்ளியைச் சந்தையோரம் சோற்றுக்கடை போட்டிருக்கும் பொம்பளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"யக்கா, கறிக்கொழம்பு இருக்கா?"

"இல்லீங்க. ரசம் இருக்கு."

"கறியில்லாம என்னா கடை நடத்துற?"

ரசத்தைத் தள்ளினார், பாலைத் துப்பினார். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு உடம்பு கரைந்துவிட்டது. பெரம்பலூர் டாக்டர் கையை விரித்தார்: "எது கேக்குறாரோ அதைக் கொடுங்கம்மா. உள்ள போனாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரியலூரிலிருந்து அறிவரசன் கறியும் கையுமாக வந்து இறங்கினான்.

"ஆக்கும்மா."

"வாக்குடா அது."

"வாக்குக் கொடுத்த ஆளு போயாச்சும்மா. மலை ஏறுனது ஞாபகமில்ல, என்னையே தெரியல. இவரு வேற ஆளு. அவரு கொடுத்த வாக்குக்கு இவரு ஏன் பட்டினி கெடக்கணும்?"

"வேற ஆளா? அப்ப நான் யாருக்குடா தெனம் வேட்டி மாத்திவிடுறேன், ஊரான் வூட்டு ஆம்பளைக்கா?"

அவன் கறியை அடுப்படியில் வைத்தான். "சரி, ஒரே ஆளுதான். அப்ப அவரேதானே கேக்குறாரு?"

அம்சவள்ளி கறியையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றைய வீரமுத்து கொடுக்காதே என்கிறார். இன்றைய வீரமுத்து கொடு என்கிறார். இருவருக்கும் வயிறு ஒன்று. அதற்கும் அடியில் ஒரு பயம் கிடந்தது. அந்தப் பேரத்தில் வாங்கிய சரக்கு இதோ சட்டை போட்டுக்கொண்டு எதிரில் நிற்கிறது. கொடுத்த விலையைத் திருப்பி வாங்கிக்கொண்டால், சாமி சரக்கைத் திருப்பிக் கேட்காதா?

"எனக்கு ஒண்ணும் ஆவாது. எனக்குப் பயமில்ல" என்றான், அவள் பார்வையைப் புரிந்துகொண்டு.

"உனக்கெதுக்குடா பயம்? பெத்தவ நானு."

ஆனாலும் அடுப்பை மூட்டினாள். வாசம் கிளம்பியதும், நாலு நாளாகச் சுருண்டு கிடந்த மனுஷன் எழுந்து உட்கார்ந்தார். "நல்ல கடை யக்கா!"

தட்டை அவர் முன்னால் வைத்தவள், ஊட்டாமல் நின்றாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டாள். பேசிய ஆளிடமே கேட்டுவிடலாம் என்று தன் வலக்கையை உள்ளே நுழைத்தாள்.

"முடிஞ்ச பேரத்த உடைச்சுக்கலாமாங்க? சரின்னா கைய விட்டுடுங்க."

அவர் கண் குழம்பில் இருந்தது. துண்டுக்கடியில் விரல்கள் விழித்துக்கொண்டன. அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தன. பிறகு முழுக்கையையும் இறுகப் பற்றின. அன்றைக்கு இருந்த அதே பிடி.

"கறி போடு யக்கா" என்றது வாய்.

அம்சவள்ளிக்குக் கண் நிறைந்தது. பிடிப்பது வாக்கா, வெறும் பழக்கமா? எந்த டாக்டர் சொல்லப்போகிறார்? கையை உருவிக்கொள்ளாமலே குனிந்து சொன்னாள்:

"பேரம் உடைய வேணாங்க. ஆள மாத்திக்குவோம். உங்க வாக்க நான் ஏத்துக்கிறேன். இன்னையிலேருந்து எனக்குக் கறி கெடையாது."

மகன் பக்கம் திரும்பினாள். "என் கை மாட்டிக்கிச்சு. நீ ஊட்டு."

அறிவரசன் சோற்றைப் பிசைந்து எடுத்தான். உருண்டை பாதி வழியில் நின்றது.

"பயமில்லேன்னியேடா?"

"இல்ல" என்றான். உருண்டை நகரவில்லை.

வீரமுத்து தாமே கழுத்தை நீட்டி அதை வாயில் வாங்கிக்கொண்டார். நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்தார்.

"யாரு வூட்டுப் புள்ள தம்பி நீ?"

"உங்க வூட்டுப் புள்ளதாம்ப்பா."

தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார். துண்டுக்கடியில் பிடி தளரவில்லை.